கல் இல்லாத ஊர்

கடற்கரைக்குப் போகிறவர்கள் பொதுவாக எதைத் தேடுவார்கள்? சிப்பி தேடுவார்கள். நிழல் தேடுவார்கள். கூட வந்த குழந்தையைத் தேடுவார்கள். கழற்றிப் போட்ட செருப்பில் ஒன்றைத் தேடுவார்கள்.

போன சனிக்கிழமை, உச்சி வெயிலில், மண்டபத்துக் கடற்கரையில் எங்கள் டிரைவர் சந்திரன் கல் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு கல். தேங்காய் அளவு இருந்தாலும் போதும். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். சிப்பி கிடைத்தது. அறுந்த வலை கிடைத்தது. பாதித் தேங்காய் மட்டை கிடைத்தது. யாரோ தேடிச் சலித்துவிட்டுப் போன அந்த ஒற்றைச் செருப்பும் கிடைத்தது. கல் மட்டும் இல்லை.

"ஏனுங்க அக்கா... இத்தனை பெரிய ஊர்ல ஒரு கல்லு கூட இல்லீங்களா?"

குரலில் கோபம் பாதி, அழுகை பாதி. எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை. அந்தக் கல் கிடைக்காவிட்டால் அவருடைய மகளுக்குக் கிடைத்த வேலை போய்விடும்!

ஒன்றும் புரியவில்லை அல்லவா? குன்னூரிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் எல்.எல்.ஆர். மகாத்மியம் தெரியும், மறுபடி சொல்லி அறுக்கப் போவதில்லை. பன்னிரண்டு வருடமாக எங்கே போவதென்றாலும் சந்திரன்தான். வெள்ளைக் கார். கண்ணாடிக்கு முன்னால் ஒரு முருகன். டிக்கியில் ஒரு கட்டை.

அந்தக் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சமதளம் என்று ஒன்று கிடையாது. வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, டயருக்கு அடியில் கல்லோ கட்டையோ கொடுத்த பிறகுதான் டிரைவருக்கு டீ உள்ளே இறங்கும். சந்திரனுடையது சில்வர் ஓக் மரத்தில் அவரே செதுக்கியது. ஒரு பக்கம் சரிவாக, ஆப்பு மாதிரி இருக்கும். இழுத்து எடுக்க ஒரு நைலான் கயிறு. டயர் ஏறி ஏறிக் கறுத்துப் போயிருக்கிறது. இதுவரை மூன்று கார் மாற்றிவிட்டார். கட்டை அதேதான்.

மனைவி செல்வி, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். ஒரே மகள் நித்யா. இருபத்து மூன்று வயது. தாவரவியல் படித்த பெண். படிப்பை முடித்து ஒரு வருடம் எங்கெங்கோ மனு போட்டு, கடைசியில் வேலை வந்தது. எங்கே? மண்டபத்தில். என்ன வேலை? கடல்பாசி நாற்றுப் பண்ணையில், பாசியின் வளர்ச்சியை அளந்து கண்காணிக்கிற வேலை.

சந்திரனுக்கு முதலில் வேலையே புரியவில்லை.

"பாசியை எவனாச்சும் வளத்துவானுங்களா அக்கா? எங்க எஸ்டேட் லைன் ஊட்டுத் தண்ணித் தொட்டியில புடிக்கிற பாசியைத் தேச்சுக் கழுவறதுக்கே ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்குது!"

வேலை புரிந்த பிறகு ஊர் பிடிக்கவில்லை. கடல் பக்கம்... பொட்டல்... வெயில்... தனியாகப் பெண் பிள்ளை... போகாதே என்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நித்யா திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாக வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்க என் வீட்டுப் படியேறி வந்தாள்.

"ஆன்ட்டி, நான் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போயிருவேன். யாரும் கட்டிப் போடப் போறதில்ல. ஆனா அப்பா மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா எனக்கு அங்க சோறு எறங்காது. நீங்கதான் ஏதாவது பண்ணோணும்."

பண்ணினேன். சந்திரனுக்கு போன் போட்டு, மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி எல்லாம் சுற்றிப் பார்த்து எழுதப் போகிறேன், துணைக்கு நித்யாவும் வரட்டும் என்றேன். 

"போலாமுங்க. ஆனா ஒண்ணுங்க அக்கா. ஊரைப் பாப்பேன். மனசுக்குச் சரின்னு பட்டா சரி. இல்லீனா அதே வண்டியில புள்ள திரும்பி வந்துரும். அப்புறம் நீங்க எழுதற பேச்செல்லாம் எங்கிட்டப் பேசப்படாது."

ஒப்பந்தம் ஆயிற்று. வியாழக்கிழமை இரவு நித்யா ஒரு பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்து என் வீட்டில் வைத்தாள். "இதை உங்க பெட்டின்னு சொல்லிருங்க ஆன்ட்டி." அப்பா சரி என்றால் அப்படியே தங்கிவிடலாமே என்று வீட்டில் பாதியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மறுநாள் விடிகாலை டிக்கியைத் திறந்த சந்திரன், என் பையையும் பார்த்தார், சூட்கேஸையும் பார்த்தார்.

"ரெண்டு நாளைக்கு ரெண்டு பொட்டிங்களா?"

"பொம்பளைங்கன்னா அப்படித்தான் சந்திரன்" என்றேன். பெண் குலமே என்னை மன்னிக்கட்டும்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வரை சந்திரன் ராஜா. ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை கியரில். வளைவுக்கு வளைவு ஹாரன். மேலே ஏறி வருகிற லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி, அந்த டிரைவரோடு ஒரு தலையாட்டல். எல்லாம் நன்றாகப் போனது... டிக்கியில் சூட்கேஸுக்குள் ஏதோ 'கடகட'வென்று உருளத் தொடங்கும் வரை. ஒவ்வொரு வளைவிலும் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. நான் இருமினேன். நித்யா தும்மினாள். சந்திரன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அப்பாடா என்று இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினார். தாராபுரத்தில் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். மதுரையில் பொறுமையைக் கழற்றிவிட்டார்.

மதுரைக்கு அப்பால் நாலு வழிச் சாலை. அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. உங்களுக்கும் எனக்கும் அது சுகம். மலை டிரைவருக்கு? இடது கை சும்மா இருக்க முடியாமல் கியரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கொட்டாவி வந்தது. வளைவே இல்லாத இடத்தில் பழக்க தோஷத்தில் ஹாரன் அடித்தார். முன்னால் பைக்கில் போனவர் பயந்து போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இப்பிடி நேரா ரோடு போட்டா டிரைவர் எதுக்குங்க? ஒரு கல்லை எடுத்து ஆக்ஸிலேட்டர் மேல வெச்சுட்டுப் பின் சீட்டுல படுத்துக்கலாமே!"

ஆக, முதல் குறை: ரோடு. இரண்டாவது குறை பரமக்குடியில் வந்தது — வெயில். மூன்றாவது, ராமநாதபுரத்தில் குடித்த டீ. "இது டீயே இல்லீங்க, டீத்தூள் கழுவின தண்ணி." டீ விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களிடம் யாராலும் பேர் வாங்க முடியாது. கண்ணாடியில் நித்யாவின் முகத்தைப் பார்த்தேன். குறைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் 'மூன்று பக்கம் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பு' என்று மனப்பாடம் செய்தோமே, தீபகற்பம்? அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மண்டபத்துக்குப் போங்கள். கடலுக்குள் நீட்டிய ஒரு விரல், அவ்வளவுதான். வடக்கே ஒரு கடல். தெற்கே ஒரு கடல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். லாட்ஜில் பெட்டிகளை வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நடந்தோம்.

வடக்குக் கடல் அலையே இல்லாமல் கிடந்தது. படகுகள் பசு மாடுகள் போல அசையாமல் நின்றன. சந்திரன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இதென்னங்க... நம்ம பைக்காரா ஏரி மாதிரியேதான் இருக்குது."

நித்யா என் விரலைக் கிள்ளினாள். நல்ல சகுனம்! அந்தச் சூட்டோடு தெற்குப் பக்கம் கூட்டிப் போனது என் முட்டாள்தனம். ஆடிக் காற்றில் அந்தக் கடல் கத்திக்கொண்டிருந்தது. அலை வந்து மோதிய வேகத்தில் சந்திரன் நாலு அடி பின்னால் வந்துவிட்டார். ஊர்க்காரர்கள் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள் என்று, எனக்குத் தெரிந்த ஒரே தகவலை எடுத்து விட்டேன்.

"ஒரு ஊருக்கு எதுக்குங்க ரெண்டு கடல்? ஒண்ணையே சமாளிக்க முடியாது."

எனக்கு ஒரு சந்தேகம். சந்திரன் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பின்னால் பலாப்பழம் பழுத்தால் கரடி வரும். என் வீட்டு வாசலில் காட்டெருமை நிற்கும். நாங்கள் ஜன்னலைத் திறந்து, பூனையை விரட்டுவது போல விரட்டுவோம். மழைக் காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால், எடுக்கிற வரை அங்கேயே நின்று கடலை கொறிப்போம். இத்தனைக்கும் நடுவில் பிள்ளை வளர்த்த மனிதர், கடலைப் பார்த்துப் 'புள்ளைய எப்படி உடறது' என்கிறார்! யோசித்துப் பார்த்தால் எல்லோருமே இப்படித்தான். பழகிய ஆபத்து இருக்கிற ஊர்தான் நமக்குப் பத்திரமான ஊர்.

அன்றைக்குச் சாயங்காலம், மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றபோதுதான் விஷயம் ரோடும் வெயிலும் டீயும் இல்லை என்று தெரிந்தது. நித்யா கால் நனைக்கப் போயிருந்தாள். சந்திரன் தன்னால் பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பா இந்த ஊர்லதானுங்க வந்து எறங்குனாரு. சிலோன் எஸ்டேட்ல இருந்து திருப்பி அனுப்புனப்ப, கப்பல்ல. ஒரு தகரப் பொட்டி, எங்கம்மா, கைக்கொழந்தையா எங்க அண்ணன். இங்க கேம்ப்ல வெச்சிருந்து, அப்புறம் லாரியில ஏத்தி நீலகிரிக்கு அனுப்பிட்டாங்க. குளிர்ல வந்து எறங்கி, காட்டை வெட்டி, தேயிலை வெச்சு, ஒரு ஊடுன்னு ஆகறதுக்குள்ள ஆயுசே போயிருச்சு. 'கடலைத் தாண்டி வந்தாச்சு, இனி மலையை உட்டு எறங்காதடா'ன்னு சொல்லிட்டே செத்தாருங்க." சுண்டல் பொட்டலத்தைக் கசக்கினார். "அவரு அழுதுட்டு நின்ன கரையிலயே அவரு பேத்தியைக் கொண்டாந்து உட்டுட்டுப் போனா... நான் என்ன மனுசனுங்க?"

 வழியெல்லாம் இதை வெயில் என்றும் ரோடு என்றும் அல்லவா சொல்லிக்கொண்டிருந்தார்! எழுதுகிறவள் என்று பெயர்.  இன்னும் கொஞ்சம் சுண்டல் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் தனுஷ்கோடிக்கு ஒரு டிரைவ். ஆளை மயக்க இதைவிட நல்ல இடம் உண்டா என்று நான்தான் திட்டம் போட்டேன். பாம்பன் பாலத்தில் ஏறியதுமே காற்று வண்டியைத் தள்ளியது. சந்திரன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இரண்டாவது கியருக்கு இறக்கி, கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மாதிரி முதுகை நிமிர்த்தி ஓட்டினார். பின்னால் வந்த பஸ் ஹாரனில் எங்கள் குடும்பத்தையே விசாரித்தது. சந்திரன் அசையவில்லை.

ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடிச் சாலை. அந்தச் சாலையை என்னவென்று சொல்ல? போகப் போக இரண்டு பக்கமும் நிலம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் தார் ரோடும் இரண்டு கடலும் மட்டும் மிச்சம். நித்யா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூவினாள். குன்னூரில் வாங்கிய என் புதுத் தொப்பி, கண்ணாடியை இறக்கிய நொடியில் பறந்து போனது. பாஸ்போர்ட் இல்லாமல் இந்நேரம் தலைமன்னாரில் யார் தலையிலோ இருக்கும்.

சாலை முடியும் இடத்தில், வண்டிகள் திரும்புவதற்காக வட்டமாக ரோடு போட்டிருக்கிறார்கள். சந்திரன் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு.

"கடைசீல ஒரு வளைவு வெச்சிருக்கானுங்க!" என்றவர், ஹாரன் அடித்து, கியர் மாற்றி, அதை ஆசை தீர இரண்டு முறை சுற்றினார். நித்யா என்னைப் பார்த்துக் கண் அடித்தாள். வெற்றி கைக்கு எட்டிய தூரம்தான் என்று நினைத்தேன்.

திரும்பும்போது மணி பன்னிரண்டு. மண்டபத்தில் பாசி வளர்க்கும் கரையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் நித்யா. வடக்குக் கடல் பக்கம் ஒரு ஒற்றை வழித் தார் ரோடு. எதிரே ஒரு மீன் வண்டி வந்தது. சந்திரன் என்ன செய்தார்? முப்பது வருடமாக என்ன செய்தாரோ அதையே செய்தார். மலையில், எதிரே வண்டி வந்தால், இரண்டு சக்கரத்தைத் தாரை விட்டு இறக்கி, ஓரம் கட்டி, முழு வழியையும் விட்டுக் கொடுக்க வேண்டும். அது மரியாதை, அதைச் செய்யாதவன் டிரைவரே இல்லை. எங்கள் ஊரில் ஓரம் என்றால் பாறை, புல், கெட்டி மண்.

இங்கே ஓரம் என்றால் மணல்.

மீன் வண்டி போய்விட்டது. எங்கள் வண்டி போகவில்லை. முதல் கியர் போட்டு மிதித்தார். இடது பக்கச் சக்கரங்கள் சுற்றின, மணல் பறந்தது, வண்டி ஒரு ஜாண் உள்ளே போனது. இன்னும் மிதித்தார். இன்னும் ஒரு ஜாண். சேற்றில் மாட்டினால் சக்கரத்துக்கு அடியில் கல்லைக் கொடுத்து மிதிக்க வேண்டும் — இது மலைச் சட்டம். கட்டையை ஒரு சக்கரத்துக்குக் கொடுத்தாயிற்று. இன்னொரு சக்கரத்துக்கு? அதற்குத்தான் கல் தேடப் போனார். எங்கும் கிடைக்கவில்லை.

வெறுங்கையோடு திரும்பி வந்தவர் துண்டை உதறினார்.

"போதும் கண்ணு. ஒரு கல்லு கூட இல்லாத ஊருல உன்னைய உட முடியாது. இன்னிக்கே கெளம்பறோம்."

"எதுலப்பா கெளம்பறது?" என்றாள் நித்யா, புதைந்து கிடந்த வண்டியைப் பார்த்து.  கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் கரைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். ஐந்தாறு பெண்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, முட்டி வரை ஈரம். பாசித் துண்டுகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர் பாக்கியம். அந்தப் பெண்கள் குழுவுக்குத் தலைவி. நித்யா தங்குவதற்குப் போனில் பேசி வைத்திருந்த அறையும் அவர் வீட்டில்தான்.

"அண்ணே, காலை எடுங்க! மிதிக்க மிதிக்க அது உள்ளதான் போகும். மணலுக்குக் கோவம் ஆகாது. டயர்ல காத்த எறக்குங்க."

"காத்தை எறக்கறதா?" சந்திரனுக்கு ரத்தம் ஏறியது. "ஏனுங்க, முப்பது வருசமா மலையில வண்டி ஓட்டறேன். டயர்ல காத்து இல்லாம வண்டியை எடுன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!"

"அது மலைண்ணே. இது மண்டபம்."

அவ்வளவுதான், நித்யா மண்டியிட்டுவிட்டாள். டயரின் மூடியைத் திருகி எடுத்து, ஒரு குச்சியால் அழுத்தினாள். ஸ்ஸ்ஸ்... என்று சத்தம். "ஏய்! உடு! நித்யா, உடுங்கறேன்ல!" சந்திரன் கத்திய கத்தலில் பெண்கள் எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பா, மலையில நீங்க சொன்னா நான் கேப்பேன். இங்க இவங்க சொல்றதைத்தான் கேக்கோணும்." அடுத்த டயருக்கு நகர்ந்தாள். "என்னைய யாரும் லாரியில ஏத்தி இங்க கொண்டாந்து எறக்கலப்பா. தாத்தாவுக்குத்தான் எங்க போறேன்னு சொல்ல வழியில்லாமப் போச்சு. இது நானா தேடிக்கிட்ட ஊரு."

கால் நனைக்கப் போனவள் காதில் நேற்றைய பேச்சு விழுந்திருக்கிறது. சந்திரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். 

அரைக் காற்றில் டயர் தட்டையாக விரிந்து மணல் மேல் உட்கார்ந்தது. பெண்கள் காய்ந்த பனை மட்டைகளைக் கொண்டு வந்து சக்கரங்களுக்கு அடியில் செருகினார்கள். கட்டையைக் கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். "ரிவர்ஸ் போடுங்கண்ணே... மெதுவா... பூப் போல..." முன்னால் நித்யாவும் பாக்கியமும் நின்று தள்ள, மற்றவர்கள் "ஏலேலோ" என்று கத்த, வண்டி முனகிக்கொண்டே தாருக்கு ஏறியது. ஊக்கத்துக்கு நான் கை தட்டினேன். ஒருவராவது தட்ட வேண்டாமா?

இறங்கி வந்த சந்திரன் டயரை உதைத்துப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். சுடிதார் முழுக்க மணல். மூக்கில் டயரின் கறுப்பு. அவளும் அந்தப் பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், பத்து வருடம் பழகின மாதிரி. பெண்கள் மறுபடி கயிற்றுக்குத் திரும்பினார்கள். விரல்கள் பாசியைப் பிய்த்துப் பிய்த்துக் கட்டிய வேகத்தை நின்று கவனித்தார்.

"செல்வி கை மாதிரியே ஓடுதுங்க" என்றார் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்துப் பாக்கியத்திடம் போனார். "ஏனுங்கம்மா... இங்க குடிக்கற தண்ணியெல்லாம் எப்பிடிங்க?"

கவனித்தீர்களா? தண்ணீரை விசாரித்துவிட்டார். ஊரைப் பிடிக்காத மனிதர் தண்ணீரை விசாரிக்க மாட்டார்.

டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு பாக்கியம் வீட்டுக்குப் போனோம். மாடியில் ஒற்றை அறை. சுத்தமாக இருந்தது. இரண்டு ஜன்னல். தாழ்ப்பாளை நாலு முறை போட்டுப் பார்த்தார். அங்கிருந்தே செல்விக்கு போன். "ஊடு பரவால்ல. காத்து நல்லா வருது..." என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு 'டமார்' என்று அடித்துக்கொண்டது. அந்த முனையில் செல்வி என்ன விழுந்தது என்று அலறியது எங்களுக்கும் கேட்டது.

"இங்க காத்துக்குக் கதவு நிக்காது மதினி" என்றார் பாக்கியம் என்னிடம். "தொறந்து வெக்கணும்னா முட்டுக் கொடுக்கக் கல்லு வேணும். கல்லுக்கு எங்க போக? நாங்க கருவாட்டுப் பானையத்தான் வைக்கிறது."

சந்திரன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நித்யாவிடம் கேட்டார்.

"திங்கக்கெழமை எத்தனை மணிக்குப் போகோணும்?"

அவள் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். கதவு இன்னொரு முறை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாக்கியம் வீட்டு வாசலில், கிளம்பும் நேரம். சூட்கேஸ் விஷயத்தை எப்படி உடைப்பது என்று நான் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். சந்திரன் டிக்கியைத் திறந்தார். என் பையை ஓரமாக நகர்த்திவிட்டு, 'என்' சூட்கேஸைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மாடிப் படி ஏறினார்.

"சந்திரன்... அது வந்து..."

"தெரியுமுங்க அக்கா. பர்லியார் தாண்டறதுக்குள்ளயே தெரிஞ்சு போச்சு. எங்க ஊட்டுக் குக்கர் மூடி உருள்ற சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? நீங்க ரெண்டு பேரும் இருமியும் தும்மியும் பட்ட பாட்டைப் பாக்கச் சகிக்கல. அதான் பாட்டைக் கூட்டி வெச்சேன்."

"தெரிஞ்சுமா வண்டியைத் திருப்பல?"

"திருப்பலாமுன்னுதான் நெனச்சேன். மலையில பாதி வழியில வண்டியைத் திருப்ப எடம் ஏதுங்க?"

பொய். பாதி மலையில் இருக்கும் பர்லியாரில் பஸ்ஸே திரும்பும். 

மறுபடி கீழே இறங்கி வந்தார். டிக்கிக்குள் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டு மேலே போனார். வர நேரமாகிறதே என்று நானும் ஏறிப் பார்த்தேன். அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. காற்று அள்ளிக்கொண்டு போனது, கதவு அசையவில்லை. கதவுக்கு அடியில் கறுத்துப் போன சில்வர் ஓக் கட்டை, கயிறு மேலே வருகிற மாதிரி செருகியிருந்தது. சந்திரன் மகளுக்குச் செய்முறை விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"குனிய வேண்டாம் கண்ணு. இந்தக் கயித்தைப் புடிச்சு ஒரு இழுப்பு. வந்துரும்."

திரும்பும் வழியெல்லாம் நித்யா போனில் படம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். பெண் கடல், ஆண் கடல், பாக்கியம் வைத்த மீன் குழம்பு.  மதுரையில் டீ நன்றாக இருக்கிறது என்றார் சந்திரன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மனிதர் நிதானத்தில் இல்லை என்று.

குன்னூர் வந்து சேர்ந்தபோது தூறல். என் வீட்டுச் சரிவில் வண்டியை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக். கியர். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். பழக்கத்தில் கையை உள்ளே விட்டார். கை அப்படியே நின்றது. பின்னால் போய் நின்ற நான் மெல்லக் கேட்டேன்.

"கட்டையைக் குடுத்துட்டு வந்துட்டீங்களே சந்திரன். இனி என்ன பண்ணுவீங்க?"

அவர் டிக்கியை மூடினார். நாலு எட்டு நடந்தார். ஓடை ஓரமாக ஈரத்தில் கிடந்த ஒரு கல்லைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து டயருக்கு அடியில் தள்ளினார்.

"அட, போங்கக்கா. நம்மூர்ல கல்லுக்கா பஞ்சம்?"